டெசராக்ட் 5 சோர்ஸ் கம்பைல்: பில்டு முடிகிறது, படம் திறக்க மறுக்கிறது – உபுண்டு, மேக், விண்டோஸ்

அச்சுமை கேட்டது:

பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களின் ஸ்கேன் படங்களை டெசராக்ட் (படத்திலிருந்து எழுத்தை உணரும் மென்பொருள்) மூலம் உரையாக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். இருக்கிற தமிழ் மாடலை அப்படியே நம்ப முடியாது, மேற்கொண்டு ட்ரெயின் செய்தாக வேண்டும். அதற்கு மூன்று இயந்திரங்களிலும் ஒரே 5-ஆம் பதிப்பு தேவை. உபுண்டு 22.04-இல் ஏபிடி (அதன் பேக்கேஜ் நிறுவி) தருவது 4.1.1 மட்டுமே. ஆகவே லெப்டோனிகா (டெசராக்ட்டுக்குத் தேவையான பட லைப்ரரி), டெசராக்ட் இரண்டையும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிறேன். இப்போதைய நிலவரம்:

உபுண்டு 22.04: இரண்டும் பிழையின்றி முடிந்தன. ஓட்டினால் 'லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5 கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்' என்றது. எல்டிகான்ஃபிக் (லைப்ரரி பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டியதும் அது சரியானது. ஆனால் எந்தப் பிஎன்ஜி கோப்பைக் கொடுத்தாலும் 'பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி: ஃபங்ஷன் நாட் ப்ரெசன்ட்' என்று நிற்கிறது.

மேக், எம் வரிசை சிப், ஹோம்ப்ரூ (மேக்குக்கான பேக்கேஜ் நிறுவி): டெசராக்ட் நன்றாக ஓடுகிறது. 'மேக் ட்ரெயினிங்' (இங்கே 'மேக்' ஆப்பிள் கணினி அல்ல, பில்டு செய்யும் நிரல்) கொடுத்தால் ப்ராஜெக்ட்டை மறுபடி கான்ஃபிகர் செய்யச் சொல்லிவிட்டு வெளியேறுகிறது.

விண்டோஸ் 11, விஷுவல் ஸ்டூடியோ 2022, விசிபேக்கேஜ் (சி++ லைப்ரரி நிறுவி) வழி லெப்டோனிகா: லிங்க் கட்டத்தில் எல்என்கே2038, 'ரன்டைம்லைப்ரரி' பொருந்தவில்லை என்று வரிசையாகப் பிழைகள்.

மூன்றுக்கும் பொதுவாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் அணுக வேண்டுமா?

---

ஊற்றுக்கண் பதில்:

பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் கேள்வி இரண்டுதான். கம்பைல் ஆகும்போது லைப்ரரி எங்கிருந்து கிடைக்கிறது? ஓடும்போது எங்கிருந்து கிடைக்கிறது? உபுண்டு பகுதியை நான் சொல்கிறேன். மேக், விண்டோஸ் தெரிந்தவர்கள் தொடருங்கள்.

முதலில் பிஎன்ஜி பிழை. இது டெசராக்ட்டின் குறையே இல்லை. டெசராக்ட் எந்தப் படக் கோப்பையும் தானாகப் பிரித்துப் படிப்பதில்லை. அந்த வேலை முழுக்க லெப்டோனிகாவுடையது. லெப்டோனிகா தன் பங்குக்கு லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப் போன்றவற்றை நம்பியிருக்கிறது. கான்ஃபிகர் (பில்டுக்கு முன் இயந்திரத்தைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) ஓடும் நேரத்தில் இவற்றின் ஹெடர் கோப்புகள் (கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்புகள்) கிடைக்காவிட்டால் அது பிழை காட்டி நிற்காது. உண்மையான ஃபங்ஷனை விட்டுவிட்டு, அதே பெயரில் 'ஃபங்ஷன் நாட் ப்ரெசன்ட்' என்று சொல்ல மட்டுமே தெரிந்த ஒரு வெற்று ஃபங்ஷனை வைத்துக் கம்பைல் செய்துவிடும். சோர்ஸ் ஃபோல்டரில் பெயர் 'ஸ்டப்' என்று முடியும் கோப்புகள் அதற்காகவே இருக்கின்றன. ஆகையால் பில்டு பச்சையாக முடியும், லிங்க் ஆகும், இன்ஸ்டால் ஆகும். படத்தைத் தொட்ட பிறகுதான் குட்டு உடையும்.

உங்கள் இயந்திரத்தில் லிப்பிஎன்ஜி இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை, டெஸ்க்டாப்பே அதை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் அது ரன்டைம் பேக்கேஜ். பெயர் -டெவ் என்று முடிகிற பேக்கேஜில்தான் ஹெடரும், லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கோப்பும் வரும். இவற்றை ஏபிடி வழியாகப் போடுங்கள்: லிப்பிஎன்ஜி-டெவ், லிப்ஜேபெக்-டெவ், லிப்டிஃப்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ். வெப்பி, ஜிஃப், ஜேபெக் 2000 ஆகியவையும் வேண்டுமென்றால் லிப்வெப்பி-டெவ், லிப்ஜிஃப்-டெவ், லிப்ஓப்பன்ஜேபி2-7-டெவ். ஆவணக் காப்பகங்களிலிருந்து வரும் ஸ்கேன்களில் ஜேபெக் 2000 அடிக்கடி தலைகாட்டும், அதனால் கடைசியானதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு லெப்டோனிகா ஃபோல்டரில் 'மேக் டிஸ்ட்க்ளீன்' கொடுத்து, கான்ஃபிகரை இப்படி ஓட்டுங்கள்:

கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஓபிடி/டெஸ்5 --வித்-லிப்பிஎன்ஜி --வித்-ஜேபெக் --வித்-லிப்டிஃப் --வித்-இசட்லிப்

'வித்' என்று வாய்விட்டுக் கேட்டால் நிலைமையே மாறும். கேட்காத வரை 'கிடைத்தால் சேர்த்துக்கொள்' என்பதுதான் அதன் போக்கு. கேட்ட பிறகு அந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் கான்ஃபிகர் அங்கேயே நிற்கும். சத்தமில்லாமல் விடுபட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல். எந்த லைப்ரரியை கம்பைல் செய்தாலும் நமக்கு உண்மையிலேயே தேவைப்படும் அம்சத்தை இப்படி வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய இடத்திலேயே போடுவதானால் லெப்டோனிகாவை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும். ஷேர்டு லைப்ரரியாக இருந்து, அதே இடத்தில் அதே பதிப்பு உட்கார்ந்தால் டெசராக்ட்டைத் தொட வேண்டாம். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்திருந்தாலோ, மேலே உள்ளது போல் ப்ரிஃபிக்ஸ் புதிதாக மாறினாலோ டெசராக்ட்டையும் மறுபடி பில்டு செய்ய வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்கப் படமே தேவையில்லை. டெசராக்ட்டை '--வெர்ஷன்' கொடுத்து ஓட்டுங்கள். முதல் வரியில் டெசராக்ட் பதிப்பு, அடுத்து லெப்டோனிகா பதிப்பு, அதற்கடுத்த வரியில் லிப்ஜிஃப், லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், இசட்லிப் என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரிசை. அந்த வரிசையில் இல்லாத வடிவம் திறக்காது, அவ்வளவுதான். அதற்குக் கீழே 'ஃபவுண்டு ஏவிஎக்ஸ்2' (பிராசசரின் வேகக் கணக்கு வசதி), 'ஃபவுண்டு ஓப்பன்எம்பி' (பல த்ரெட்டில் ஓடும் வசதி) போன்ற வரிகள் வரும். மூன்று இயந்திரங்களிலும் இந்த வெளியீட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்ட பொதுவான விஷயம் இதுதான்.

அடுத்தது லோடர், அதாவது நிரல் ஓடும்போது லைப்ரரிகளைக் கண்டுபிடித்து ஏற்றும் பகுதி. உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே லோடரின் பட்டியலில் இருக்கும். ஆனால் லோடர் ஃபோல்டரைத் தேடுவதில்லை, எல்டிகான்ஃபிக் எழுதி வைத்த கேஷ் கோப்பைப் பார்க்கிறது. அதனால்தான் இன்ஸ்டால் ஆன கையோடு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டியிருந்தது. ஃபெடோராவில் அந்த ஃபோல்டர் பட்டியலிலேயே இருக்காது. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் ஒரு கோப்பு வைத்து, அதில் பாதையை எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். பிகேஜி-கான்ஃபிக்கும் அங்கே அந்த இடத்தைத் தானாகப் பார்க்காது.

மேலே ப்ரிஃபிக்ஸாக /ஓபிடி/டெஸ்5 கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏபிடி போட்ட 4.1.1 /யூஎஸ்ஆர்-இல் இருக்கிறது, அதன் லெப்டோனிகாவும் அங்கேயே. உங்களுடையதை /யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டால் ஹெடர் ஒன்றிலிருந்தும் லைப்ரரி இன்னொன்றிலிருந்தும் வந்து சேரும் ஆபத்து எப்போதும் உண்டு. தனி ஃபோல்டர் என்றால், அழிக்க நினைத்தால் ஒரே கட்டளையில் முடியும். டெசராக்ட்டை கான்ஃபிகர் செய்யும் முன் இரண்டைச் செட் செய்யுங்கள்:

பிகேஜி_கான்ஃபிக்_பாத்=/ஓபிடி/டெஸ்5/லிப்/பிகேஜிகான்ஃபிக்
எல்டிஃப்ளாக்ஸ்=-டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஓபிடி/டெஸ்5/லிப்

முதலாவது கம்பைல் நேரத்துக்கு. இரண்டாவது ஓடும் நேரத்துக்கு: பாதையை லைப்ரரிக்குள்ளேயே பொறித்துவிடும், எல்டிகான்ஃபிக் தேவைப்படாது. ஒரு நுணுக்கம்: இன்றைய உபுண்டு லிங்கர் இதை ரன்பாத் ஆகத்தான் எழுதும், அது நேரடியாகச் சார்ந்த லைப்ரரிக்கு மட்டும் செல்லுபடியாகும். டெசராக்ட் நிரலில் பொறித்த பாதை, லிப்டெசராக்ட்டுக்குத் தேவையான லெப்டோனிகாவைத் தேட உதவாது. எனவே இந்த ஃப்ளாக்கை மூன்று கட்டங்களிலும், அதாவது லெப்டோனிகா, டெசராக்ட், பிறகு உங்கள் சொந்த நிரல் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். முடிவில் எல்டிடி ஓட்டி, லெப்டோனிகா எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் லிப்லெப்ட், புதியவற்றில் லிப்லெப்டோனிகா. இரண்டும் ஒரே பட்டியலில் தெரிந்தால் பழையதும் புதியதும் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு பொறிகள். கிட்டிலிருந்து (சோர்ஸ் களஞ்சியக் கருவி) எடுத்த சோர்ஸில் கான்ஃபிகர் கோப்பு இருக்காது, ஆட்டோஜென் ஸ்கிரிப்ட்தான் அதை உண்டாக்கும். அதை ஓட்டும் முன்பே பிகேஜி-கான்ஃபிக் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் மேக்ரோ விரியாமல் அப்படியே கான்ஃபிகருக்குள் தங்கி, 'சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் லெப்டோனிகா' என்று புரியாத பிழை வரும். பிகேஜி-கான்ஃபிக்கைப் போட்டுவிட்டு ஆட்டோஜென்னிலிருந்து தொடங்குங்கள், கான்ஃபிகரிலிருந்து அல்ல.

மற்றது நினைவகம். 'மேக் -ஜே' என்று எண் இல்லாமல் கொடுத்தால் எத்தனை கோப்பு உண்டோ அத்தனையையும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யப் பார்க்கும். 2 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1ப்ளஸ்' என்று வந்தால் அது சோர்ஸ் பிழை இல்லை, கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. -ஜே2 போதும்.

---

வடகரை பதில்:

மேக் பக்கம் நான் சொல்றேன். 'மேக் ட்ரெயினிங்' அப்படி வெளியேறுதுன்னா, கான்ஃபிகர் ஓடும்போதே ட்ரெயினிங் கருவிகள் கழற்றி விடப்பட்டாச்சு. அந்த வெளியீட்டை மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. ஐசியு (யூனிகோட் லைப்ரரி) 52.1 அல்லது அதற்கு மேல் வேணும், பாங்கோ (எழுத்தை வரையும் லைப்ரரி) 1.38 அல்லது அதற்கு மேல் வேணும், கிடைக்கலை, ட்ரெயினிங் கருவிகள் பில்டு ஆகாதுன்னு ஒரு வார்னிங் நிச்சயம் இருக்கும். வார்னிங்தானே, எரர் இல்லையேன்னு கான்ஃபிகர் முடிஞ்சுடும். லெப்டோனிகாவில் நடந்த அதே கதை.

மேக்கில் பெரும்பாலும் மாட்டுறது ஐசியு. ஹோம்ப்ரூவில் ஐசியு4சி போட்டிருந்தாலும் அது 'கெக்-ஒன்லி'. மேக் ஓஎஸ்ஸே ஒரு ஐசியு வெச்சிருக்கிறதால, ஹோம்ப்ரூ தன்னுடையதைப் பொது ஃபோல்டருக்கு லிங்க் பண்றதில்லை. அதனால பிகேஜி-கான்ஃபிக் கண்ணுக்கு அது தெரியாது. 'ப்ரூ --ப்ரிஃபிக்ஸ் ஐசியு4சி' கொடுத்தா பாதை வரும், அதோடு /லிப்/பிகேஜிகான்ஃபிக் சேர்த்து பிகேஜி_கான்ஃபிக்_பாத்தில் போடுங்க. லிப்ஆர்க்கைவும் கெக்-ஒன்லிதான், அதையும் சேர்த்துடுங்க. பாங்கோ, லெப்டோனிகா ரெண்டும் சாதாரணமாவே கிடைக்கும். ஆட்டோமேக், ஆட்டோகான்ஃப், லிப்டூல் மூணும் ஹோம்ப்ரூவில் இருந்தே வரட்டும். அங்கே லிப்டூல் 'ஜிலிப்டூல்'ங்கிற பெயரில் உட்காரும். ஆப்பிள் தர்ற லிப்டூல் வேறொரு கருவி, பெயர் மட்டும்தான் ஒண்ணு.

பாதையை மாத்தினதும் கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்க. கடைசியில 'ட்ரெயினிங் டூல்ஸ் கேன் பி பில்ட்'னு வந்தா மட்டும் அடுத்த படிக்குப் போங்க: மேக், மேக் இன்ஸ்டால், மேக் ட்ரெயினிங், மேக் ட்ரெயினிங்-இன்ஸ்டால். ட்ரெயினிங் தனி டார்கெட், வெறும் 'மேக்' அதைத் தொடாது.

எம் சிப்பில் ஹோம்ப்ரூ இருக்கிற இடம் /ஓபிடி/ஹோம்ப்ரூ. இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கல். பழைய மேக்கிலிருந்து மைக்ரேஷன் பண்ணின இயந்திரத்தில் ரெண்டுமே இருக்கும், அதுதான் தொல்லை. 'பில்டிங் ஃபார் மேக்ஓஎஸ்-ஆர்ம்64, அட்டெம்ப்டிங் டு லிங்க் வித் எக்ஸ்86_64'னு லிங்கர் சொன்னா, இன்டெல் காலத்து லைப்ரரியை அது எடுத்திருக்கு. டெர்மினலே ரொசெட்டாவில் (இன்டெல் நிரலை எம் சிப்பில் ஓட்டுற வசதி) ஓடுதான்னு 'யூநேம் -எம்' கொடுத்துப் பாருங்க. ஆர்ம்64 வரணும். சந்தேகமான டைலிப் (மேக்கின் ஷேர்டு லைப்ரரி) மேல 'ஃபைல்' கட்டளையை ஓட்டினா எந்த ஆர்க்கிடெக்சர்னு சொல்லிடும்.

எல்டிகான்ஃபிக் மேக்கில் கிடையாது. ஒவ்வொரு டைலிப்புக்குள்ளேயும் அதன் முழுப் பாதை பொறிச்சிருக்கும், லிங்க் பண்ற நிரல் அந்தப் பாதையை அப்படியே எடுத்துக்கும். அதனால இன்ஸ்டால் பண்ணின ஃபோல்டரைப் பிறகு நகர்த்தாதீங்க. எல்டிடி-க்குப் பதிலா 'ஓடூல் -எல்'. டிஒய்எல்டி_லைப்ரரி_பாத்தை நம்பி ஸ்கிரிப்ட் எழுதவே வேண்டாம், /பின்-இல் இருக்கிற ஷெல் வழியா ஓடும்போது மேக் ஓஎஸ் பாதுகாப்புக்காக அதைத் துடைச்சிடும்.

ஆப்பிளின் க்ளாங்கில் ஓப்பன்எம்பி தயாரா வராது. டெசராக்ட்டுக்கு அது கட்டாயமும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஓட்டுறவங்க லினக்ஸிலேயே ஓஎம்பி_த்ரெட்_லிமிட்=1 வெச்சு, பக்கத்துக்கு ஒரு ப்ராசஸா இணையா விடுறதுதான் வேகம். ஒரே பக்கத்துக்குள்ள நாலு த்ரெட் மோதிக்கிறதில் பெரிய லாபம் இல்லை.

---

சாளரம்64 பதில்:

எல்என்கே2038-க்கு நேரடி பதில்: நீங்கள் விசிபேக்கேஜில் 'எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக்' ட்ரிப்லெட் (எந்த பிராசசர், எந்த ஓஎஸ், எவ்வகை லைப்ரரி என்று சொல்லும் பெயர்) எடுத்திருக்கிறீர்கள். அதில் லைப்ரரியும் ஸ்டாட்டிக், மைக்ரோசாஃப்ட்டின் சி ரன்டைமும் ஸ்டாட்டிக், அதாவது /எம்டி (MT). சிமேக் (பில்டை அமைக்கும் கருவி) தானாக எடுப்பது டைனமிக் ரன்டைம், அதாவது இன்னொரு /எம்டி (MD). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் ஸ்டாட்டிக், டைனமிக் என்றே சொல்கிறேன். இரண்டு ரன்டைமும் தனித்தனி ஹீப் வைத்திருக்கும். ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றதில் விடுவித்தால் நிரல் விழும், அதனால் லிங்கர் முன்கூட்டியே தடுக்கிறது. பிழையை அடக்கும் ஃப்ளாக் எதையும் தேடாதீர்கள்.

உங்களுக்கு ஏற்றது 'எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக்-எம்டி' (md) என்கிற மூன்றாவது ட்ரிப்லெட். லைப்ரரிகள் ஸ்டாட்டிக், ரன்டைம் மட்டும் டைனமிக். டிஎல்எல் கூட்டம் இருக்காது, சிமேக்கின் இயல்பு நிலையோடும் பொருந்தும். பட்டியலில் 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லுக்குப் பிறகும் ஒரு வால் உள்ள பெயர் அது.

செய்முறை: விசிபேக்கேஜை சி ட்ரைவின் மேல்மட்டத்திலேயே வையுங்கள். ஆழமான ஃபோல்டரில் வைத்தால் 260 எழுத்துப் பாதை வரம்பில் ஏதாவது ஒரு பேக்கேஜ் இடறும். பூட்ஸ்ட்ராப் செய்து, லெப்டோனிகாவை மேற்படி ட்ரிப்லெட்டோடு இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு டெசராக்ட்டின் பழைய பில்டு ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுச் சிமேக்கை ஓட்டுங்கள். அழிப்பது முக்கியம்: சிமேக்_டூல்செயின்_ஃபைல் என்பதை முதல் கான்ஃபிகரில்தான் சிமேக் கவனிக்கும். இரண்டாம் முறை கொடுத்தால் கேஷில் இருக்கும் பழைய கம்பைலர் அமைப்பே நீடிக்கும். கொடுக்க வேண்டியவை:

சிமேக்_டூல்செயின்_ஃபைல் = விசிபேக்கேஜ் ஃபோல்டரின் ஸ்கிரிப்ட்ஸ்/பில்டுசிஸ்டம்ஸ்/விசிபேக்கேஜ்.சிமேக்
விசிபேக்கேஜ்_டார்கெட்_ட்ரிப்லெட் = மேலே சொன்னது
பில்டு_ட்ரெயினிங்_டூல்ஸ் = ஆஃப்
எஸ்டபிள்யூ_பில்டு = ஆஃப்

பில்டு செய்யும்போது '--கான்ஃபிக் ரிலீஸ்' சேர்க்க மறக்காதீர்கள். விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டரில் அதைச் சொல்லாவிட்டால் டீபக் பில்டு வரும். டீபக் பில்டில் எழுத்துணரி ஓடும், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஆமை வேகம். அதோடு டீபக், ரிலீஸ் லைப்ரரிகள் கலந்தால் அதே எல்என்கே2038 இந்த முறை 'ஐட்டரேட்டர்_டீபக்_லெவல்' என்ற பெயரில் வரும்.

ட்ரெயினிங்கை ஏன் ஆஃப் என்றேன்? விண்டோஸில் அதை ஆன் செய்தால் பாங்கோ, கெய்ரோ, ஜிலிப், ஐசியு என்று பெரிய சங்கிலியே கம்பைல் ஆகும். முடிந்த பிறகும், மாடலை ட்ரெயின் செய்யும் டெஸ்ட்ரெயின் ஒரு மேக்ஃபைல் ('மேக்' நிரலுக்கான கட்டளைத் தொகுப்பு), அதற்கு யூனிக்ஸ் சூழல் வேண்டும். விண்டோஸ் இயந்திரத்தில் ட்ரெயினிங்குக்கு டபிள்யூஎஸ்எல் 2-இல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டுவைப் போட்டு ஊற்றுக்கண் சொன்ன வழியில் போவதுதான் புத்திசாலித்தனம். படங்களை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். /எம்என்டி/சி வழியாக ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பது மிக மெதுவாக இருக்கும்.

டபிள்யூஎஸ்எல்லில் இன்னொன்று: விண்டோஸ் கிட்டில் க்ளோன் செய்த சோர்ஸை அங்கே திறக்காதீர்கள். ஆட்டோசிஆர்எல்எஃப் (வரி முடிவை விண்டோஸ் முறைக்கு மாற்றும் கிட் அமைப்பு) ஆன் ஆக இருந்தால் ஸ்கிரிப்ட்களின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொள்ளும், ஆட்டோஜென் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று நிற்கும். லினக்ஸ் பக்கத்திலேயே தனியாக க்ளோன் செய்யுங்கள்.

எம்சிஸ்2 வழியில் மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர்) கொண்டு கம்பைல் செய்தவர்கள் அந்த லைப்ரரியை விஷுவல் சி++ நிரலோடு லிங்க் செய்ய முயல வேண்டாம். சி++ பெயர்களைக் குறியாக்கும் முறை இரண்டிலும் வேறு. கட்டாயம் என்றால் டெசராக்ட்டின் சி இடைமுகம் மட்டும் பயன்படும். அந்த நிரலை வேறு இயந்திரத்துக்கு எடுத்துச் சென்றால் லிப்எஸ்டிடிசி++-6 முதலிய மிங்டபிள்யூ டிஎல்எல்களையும் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே வைக்க வேண்டும். விண்டோஸில் ஆர்பாத் கிடையாது, முதலில் தேடப்படும் இடம் நிரலின் ஃபோல்டர். 0எக்ஸ்சி000007பி வந்தால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். 'டம்ப்பின் /டிபென்டென்ட்ஸ்' உதவும்.

கடைசியாக, தமிழில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது. விண்டோஸில் தமிழுக்கெனச் சிஸ்டம் கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது, நடைமுறையில் யூனிகோட் மட்டும்தான். சாதாரண 'எஃப்ஓப்பன்' வழியாகக் கோப்பு திறக்கும் லைப்ரரிக்குத் தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறி, கோப்பே இல்லை என்று சொல்லக்கூடும். யூசர் பெயரே தமிழில் இருந்தால் டெம்ப் ஃபோல்டரும் அதற்குள் அடக்கம். புத்தகப் பெயர்களை ரோமன் எழுத்திலோ எண்ணிலோ வைத்துவிடுங்கள். வெளியீட்டையும் கன்சோலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோப்பில் எழுதினால் அது யூடிஎஃப்-8 ஆகச் சரியாகவே இருக்கும், கட்டம் கட்டமாகத் தெரிவது கன்சோல் எழுத்துருவின் பிரச்சினை.

---

அச்சுமை:

மூன்றிலும் இப்போது '--வெர்ஷன்' வெளியீடு ஒத்துப்போகிறது, பிஎன்ஜி, டிஃப் இரண்டும் திறக்கின்றன. மிக்க நன்றி. உபுண்டுவில் ட்ரெயினிங்கைத் தொடங்கினால் 'இன்டிஜர் (ஃபாஸ்ட்) மாடல், கேனாட் கன்டின்யூ ட்ரெயினிங்' என்கிறது. இதுவும் கம்பைல் ஆப்ஷன் சார்ந்ததா? மேலும் ஒரே படத்துக்கு மேக்கிலும் உபுண்டுவிலும் வரும் உரையில் சில இடங்களில் வித்தியாசம் இருக்கிறது.

---

அச்சுக்கோர்ப்பு பதில்:

கம்பைலுக்கு இதில் பங்கில்லை. டெசராக்ட் மாடல்கள் மூன்று களஞ்சியங்களில் கிடைக்கின்றன: டெஸ்டேட்டா, டெஸ்டேட்டா_பெஸ்ட், டெஸ்டேட்டா_ஃபாஸ்ட். மூன்றிலும் கோப்பின் பெயர் ஒன்றேதான், டாம்.ட்ரெயின்ட்டேட்டா. பெஸ்ட்டில் எடைகள் தசம எண்களாக இருக்கும், ஃபாஸ்ட்டில் வேகத்துக்காக முழு எண்களாகச் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கியதிலிருந்து ட்ரெயினிங்கைத் தொடர முடியாது. பெஸ்ட்டிலிருந்து எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால் ஒரே ஃபோல்டரில் மாற்றி மாற்றிப் போட்டால் எது எதுவென்றே தெரியாமல் போகும்.

உரை வித்தியாசத்துக்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. ஒரு இயந்திரத்தில் ஃபாஸ்ட், இன்னொன்றில் பெஸ்ட் இருக்கலாம். 'ஷா256சம்' எடுத்து ஒப்பிடுங்கள் (மேக்கில் 'ஷாசம் -ஏ 256'). டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ் எங்கே சுட்டுகிறது என்றும் பாருங்கள். 3-ஆம் பதிப்புக் காலத்தில் அது டெஸ்டேட்டாவின் தாய் ஃபோல்டரைக் குறிக்க வேண்டும், 4-இலிருந்து டெஸ்டேட்டா ஃபோல்டரையே குறிக்க வேண்டும். பழைய கட்டுரைகளைப் பார்த்து அமைத்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மாடல் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் வந்தால், ஜேபெக்கைப் பிரிக்கும் லைப்ரரியின் பதிப்பு வேறாக இருக்கலாம். இன்டெல்லில் ஏவிஎக்ஸ்2, எம் சிப்பில் நியான் என்று கணக்கிடும் வழி வேறு என்பதால் தசமத்தின் கடைசி இலக்கங்களும் மாறும். இரண்டு எழுத்துக்கு இடையே மாடல் ஊசலாடும் இடத்தில் அது முடிவையே புரட்டிவிடும். ஒப்பீட்டுக்கு ஜேபெக் வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி கொடுங்கள்.

இனி உங்கள் உண்மையான வேலைக்கு வருகிறேன். டெஸ்ட்ரெயினில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம், அதே பெயரில் '.ஜிடி.டிஎக்ஸ்டி' என்று முடியும் ஓர் உரைக்கோப்பு. டெஸ்ட்ரெயினின் 'மேக் ட்ரெயினிங்' கட்டளையில் ஸ்டார்ட்_மாடல்=டாம், டெஸ்டேட்டா=பெஸ்ட் வைத்த ஃபோல்டர், லேங்_டைப்=இண்டிக் மூன்றையும் கொடுங்கள். இண்டிக் என்று சொல்லாவிட்டால் எழுத்துகளைப் பிரிக்கும் முறையும் பெட்டிக்கோப்பு உருவாக்கும் ஸ்கிரிப்ட்டும் லத்தீன் எழுத்துக்கானவையாகவே இருந்துவிடும். முன்கூட்டியே 'மேக் டெசராக்ட்-லேங்டேட்டா' ஓட்டிவிடுங்கள், ரேடிக்கல்-ஸ்ட்ரோக் கோப்பு இல்லாமல் ட்ரெயினிங் தொடங்காது. அது சீன எழுத்துக்கானதாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், எல்லா மொழிக்கும் கேட்கும்.

உரைக்கோப்பில் பழைய அச்சின் ணை, லை, னை ஆகியவற்றை இன்று தட்டச்சு செய்வது போலவே செய்யுங்கள். தும்பிக்கை வளைவோடு இருந்தாலும் யூனிகோடில் அது ண-வும் ஐகாரக் குறியும்தான், வேறு கோட்பாயின்ட் கிடையாது. றா, னா ஆகியவற்றுக்கும் அப்படியே. பழைய வடிவத்துக்கும் இன்றைய எழுத்துக்கும் உள்ள தொடர்பை மாடல் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கே ட்ரெயினிங். வடிவம் ஒத்துவரும் என்று வேறு எழுத்துகளைக் கோத்து எழுதினால் வெளியீட்டில் தேடல் வேலை செய்யாது.

உரையை என்எஃப்சி வடிவத்துக்கு (யூனிகோட் குறிகளைச் சேர்த்து ஒரே சீராக எழுதும் முறை) மாற்றிவிடுங்கள். 'கொ' என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாக அடித்திருந்தால் என்எஃப்சி ஒன்றாக்கிவிடும். அதையும் மீறி 'இன்வாலிட் ஸ்டார்ட் ஆஃப் கிராஃபீம் சீக்வன்ஸ்' என்று 0பிபிஇ எண்ணோடு (கால் குறியின் யூனிகோட் எண்) வந்தால், எங்கோ மெய்யெழுத்து இல்லாமல் கால் மட்டும் தனியாக நிற்கிறது. பெரும்பாலும் வரி உடைந்த இடத்தில் எழுத்துக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் எழுத்துகளும் காப்பி செய்த உரையோடு வந்து ஒட்டும், தேடி நீக்குங்கள். அந்த வரிகளை டெசராக்ட் தவிர்த்துவிட்டுத் தொடரும் என்பதால் லாக்கைப் பார்க்காவிட்டால் பாதித் தரவு சேரவே இல்லை என்பது தெரியாது.

ட்ரெயினிங் முடிந்த பிறகு கிடைக்கும் மாடல் தசம எண்களில் இருக்கும். பெருமளவில் ஓட்டுவதற்கு அதிலிருந்து '--கன்வெர்ட்_டு_இன்ட்' வழியாக ஒரு வேகமான பிரதி எடுத்துக்கொள்ளலாம். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த புத்தகத்தின் அச்சு வேறாக இருந்தால் அங்கிருந்துதான் தொடர வேண்டும். மூன்று இயந்திரங்களுக்கும் கோப்பை காப்பி செய்தால் போதும், மாடலைக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

---

ஊற்றுக்கண்:

ஒரு சேர்க்கை. ஃப்ரீபிஎஸ்டி-யில் முயல்பவர்கள் 'மேக்' இடத்தில் 'ஜிமேக்' பயன்படுத்துங்கள். டெஸ்ட்ரெயின் மேக்ஃபைல் குனு மேக்குக்கு எழுதப்பட்டது, அங்கே சாதாரண 'மேக்' என்பது வேறு நிரல். பழைய மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து மேம்படுத்திய கையோடு 'இன்வாலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்' வந்தால் 'எக்ஸ்கோட்-செலெக்ட் --இன்ஸ்டால்' ஓட்டுங்கள், கம்பைலர் கருவிகள் மேம்படுத்தலில் கழன்றிருக்கும். கம்பைல் செய்ததை வேறு இயந்திரத்துக்கும் தருவதாக இருந்தால் '-மார்ச்=நேட்டிவ்' ஃப்ளாக்கைச் சேர்க்காதீர்கள். டெசராக்ட் தன் கனமான கணக்குகளுக்கு ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று ஓடும் நேரத்திலேயே பார்த்துக்கொள்கிறது. அந்த ஃப்ளாக் தரும் லாபம் குறைவு, பழைய பிராசசரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழுவது மட்டும் உறுதி.